பசுமை மூலை

அத்தியாயம் பதினொன்று

வெடி என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று காலையிலேயே உத்தரவு வந்துவிட்டது.

உத்தரவைக் கொண்டுவந்தவன் கொழுந்தன். மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்து, கீழ் வீட்டுச் சமையலறை வாசலில் நின்று, டையை இறுக்கிக்கொண்டே சொன்னான்.

"அண்ணி, இன்னிக்கு விசாரணையில 'உலை வெடிச்சுது'ன்னு சொல்லிடாதீங்க. அது வெடி இல்ல. உலோகத் தெறிப்பு."

அவள் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உங்க அண்ணன்கிட்டயும் அப்படியே சொல்லிடவா? முகம் வெந்தது வெடியில இல்லீங்க, தெறிப்புலதான், கவலைப்படாம தூங்குங்கன்னு?"

"கோபப்படாதீங்க அண்ணி. வார்த்தை முக்கியம்."

வார்த்தை அவனுக்கு எப்போதுமே முக்கியம். பெட்ரோல் வண்டியிலிருந்து மின்சார வண்டிக்கு மாறிக்கொண்டிருந்த கார் ஆலையில் அவனுக்கு 'மாற்றத் திட்ட மேலாளர்' என்று பதவி. மூச்சுக்கு ஒரு தடவை மாற்றம் என்பான். தொழிலாளர்கள் அவனுக்கு 'மாற்றம் சார்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கழிப்பறையில் ஓட்டைக் குழாயை மாற்றினால்கூட அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசச் சொல்லலாம் என்று சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. அது அவன் காதுக்கும் போயிருந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

அவள் அதே ஆலையில் துப்புரவுப் பிரிவுக்கு சூப்பர்வைசர். வீட்டில் அண்ணி, ஆலையில் 'ஏம்மா'. அவள் புருஷனுக்கு அங்கே 'சம்மட்டி' என்று பெயர். இருக்கிற பட்டங்களிலேயே மரியாதையானது அதுதான்.

சம்மட்டி இத்தனை வருஷமும் இருந்தது பழைய இரும்படிக்கும் கூடத்தில். பழுக்கக் காய்ச்சிய இரும்பை அச்சில் வைத்து, ஒரு மாடி உயரச் சுத்தியல் இயந்திரத்தால் அடித்து, எஞ்சினுக்குக் கிராங்க் ஷாஃப்ட் செய்கிற வேலை. பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சக்கரம் சுற்றுவதாக ஆக்குகிற கோணல்மாணல் தண்டு அது. மின்சார வண்டியில் பிஸ்டன் கிடையாது. பிஸ்டன் இல்லையென்றால் தண்டு வேண்டாம், தண்டு வேண்டாமென்றால் அடிக்கிற ஆள் வேண்டாம். இதைச் சொல்ல ஆலை நிர்வாகம் ஒரு முழு நாள் கருத்தரங்கு நடத்தியது.

கூடத்தை மூடியபோது முக்கால்வாசிப் பேரை அனுப்பிவிட்டார்கள். சம்மட்டியை மட்டும் தம்பி பேசிப் புது வார்ப்புக் கூடத்தில் போட்டான். உருக்கிய அலுமினியத்தின் மேல் ஆடை மாதிரி படியும் கசடை நீளக் கரண்டியால் வாரி எடுக்கிற வேலை. "என் தம்பி போட்ட எடம்" என்று அவர் டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டார்.

அந்த இடத்தில்தான் போன வாரம் அது நடந்தது. உத்தரவுப்படி, தெறித்தது.

"இன்னொண்ணு அண்ணி." கொழுந்தன் குரலைத் தாழ்த்தினான். "தண்ணித் தொட்டி அங்க எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. எல்லாருக்கும் நல்லதா ஒரு வழி இருக்கு. அண்ணன் இரும்புக் கூடத்து ஆளு. அங்க சுத்தியல் பக்கத்துல எப்பவும் தண்ணித் தொட்டி இருக்கும். அந்தப் பழக்கத்துல அவரே ஒரு தொட்டி கேட்டு வாங்கி வெச்சுக்கிட்டாருன்னு முடிச்சுட்டா, பழக்கப் பிழை. யார் மேலயும் தப்பில்ல."

"அவர் கேக்கலையே."

"அவர் கேக்கலங்கறது அவருக்குத்தானே தெரியும்?"

"எனக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

அவன் மேடை மேலிருந்த ஈரத்துணியைப் பார்த்தான். "யார் வெச்சதுன்னு அண்ணனுக்கு இன்னும் தெரியாது, இல்ல? தெரியாமயே இருக்கட்டும் அண்ணி. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவன் படியேறிப் போனபிறகும் அவள் அதே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

*

விசாரணைக்குப் போகும் வழி ஆலையின் முதுகெலும்பு வழி. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தால், ஒரு கார் எப்படிச் செய்யப்பட்டது, இனி எப்படிச் செய்யப்படும் என்று தெரிந்துவிடும்.

முதலில் இரும்படிக்கும் கூடம். சுத்தியல்களைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். அவை நின்ற இடத்தில் பள்ளங்கள். பள்ளத்தில் மழைத்தண்ணீர், தண்ணீரில் ஒரு பழைய தலைக்கவசம்.

அடுத்தது தகடு அழுத்தும் கூடம். பாதி இயந்திரங்கள் ஓடின. மீதிக்குப் பிளாஸ்டிக் உறை.

அதற்கடுத்து, தகடுகளை ஒட்டவைக்கும் பற்றவைப்புக் கூடம். காரின் பின்பக்க அடித்தளம் முன்பெல்லாம் எழுபது துண்டுத் தகடு. ஒவ்வொன்றையும் அழுத்தி, வெட்டி, பொருத்தி, பொறி பறக்க ஒட்ட வேண்டும். இப்போது அந்த எழுபதும் ஒரே வார்ப்பு. உருகிய அலுமினியத்தை வீடு மாதிரி ஒரு இயந்திரம் அச்சுக்குள் பீய்ச்சுகிறது, ஒரு நிமிஷம் கடந்ததும் முழு அடித்தளம் வெளியே வருகிறது. 'எழுபது ஒன்றானது!' என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். எழுபதை ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எழுத அந்தச் சுவரில் இடம் போதவில்லை.

கடைசியில் வார்ப்புக் கூடம். வாசலில் மஞ்சள் நாடா கட்டியிருந்தது. அவள் நின்றாள்.

உள்ளே தரையைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டார்கள். அவளுடைய துப்புரவு ஆட்களை உள்ளே விடவில்லை. வெளியாட்களைக் கூட்டி வந்து செய்திருந்தார்கள். தூண் ஓரத்தில் மட்டும், வெள்ளி மெழுகு வழிந்து இறுகின மாதிரி ஒரு திட்டு விட்டுப்போயிருந்தது. செடிகள் இல்லை.

செடிகளை வைத்தது இவள்தான். தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் ஒருவர் புது வார்ப்பைப் பார்க்க வருகிறார், கேமராவும் வருகிறது என்று கொழுந்தன் ஒரு வாரமாகக் கால் தரையில் படாமல் திரிந்தான். பசுமை வாகனம் பிறக்கிற இடம் பசுமையாக இருக்க வேண்டாமா? உலைக்குப் பக்கத்தில் ஒரு 'பசுமை மூலை'. பூந்தொட்டி வரிசை, நடுவில் பெயர்ப் பலகை. உலையின் அனலில் அரை நாளில் இலையெல்லாம் தொங்கிவிட்டது. பெரியவர் வருவதற்குச் சற்று முன்னால் அவளுக்குப் போன் வந்தது.

"அண்ணி, செடியெல்லாம் வாடுது. கேமராவுல அசிங்கமா தெரியும். ஏதாவது செய்யுங்க. பக்கத்துலயே தண்ணி வெச்சுக்கிட்டுத் தெளிச்சுக்கிட்டே இருக்கச் சொல்லுங்க."

"அங்க தண்ணி கூடாதுன்னு போர்டு இருக்கே தம்பி. ஈரத் தொடைப்பமே கொண்டுபோகக் கூடாதுன்னு இருக்கு."

"அது தொடைக்கிறதுக்கு. இது செடிக்கு."



*

குழு உட்கார்ந்திருந்த அறையில் கண்ணாடி மேஜை, நாலு வகை பிஸ்கட். மேஜையின் தலைமாட்டில் பாதுகாப்புத் துறைத் தலைவர். அவர் முன்னால் ஒரு கீறல்கூட இல்லாத தலைக்கவசம், பூஜைப் பாத்திரம் மாதிரி மின்னியது. பக்கத்தில் மனிதவளத் துறை அம்மாள். அந்தப் பக்கம் குழுவின் செயலாளர்: கொழுந்தன். பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கும் குழுவில் இடம் இருக்க வேண்டும் என்று நிர்வாகம் பெருந்தன்மையாக முடிவு செய்திருந்தது.

"உக்காருங்க. இது விசாரணை இல்ல, கற்றல் கூட்டம்" என்றார் தலைவர்.

யார் கற்றுக்கொள்ளப் போகிறார்கள் என்று அவர் சொல்லவில்லை.

"உலைக்குப் பக்கத்துல ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்திருக்கு. அது அங்க எப்படிப் போச்சுன்னு உங்களுக்கு ஏதாவது யூகம்?"

"நான்தான் தூக்கிட்டுப் போனேன்."

தலைவரின் பேனா நின்றது. அந்தப் பதிலை வாங்க மத்தியானம் வரை ஆகும் என்று திட்டம் போட்டிருந்தார்கள் போல. அடுத்த கேள்வி கையிருப்பில் இல்லை.

"நீங்களா?"

"நானும் என் கூட வேலை செய்யற பொண்ணும். கனமா இருந்துச்சு."

"அங்க தண்ணீர் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். போர்டு இருக்கு. அந்தப் போர்டத் தெனமும் தொடைக்கிறதே நாங்கதான்."

"அப்புறம் ஏன்?"

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். வெளியாட்கள் முன்னால் வீட்டு ஆளைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. அவனே சொன்னால் அவனுக்கும் கௌரவம்.

அவன் தொண்டையைச் செருமினான். அவளுக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது.

"பதிவுக்காக ஒண்ணு சொல்லிக்கறேன்" என்றான். "நான் கேட்டது பசுமை. தண்ணீர் என் கோரிக்கையில இல்ல."

இளகியது இறுகிப்போனது.

"செடி கேட்டீங்க."

"கேட்டேன்."

"நெசச் செடி கேட்டீங்க. பிளாஸ்டிக் வெச்சா பெரியவர் தொட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சுடுவாருன்னு சொன்னீங்க."

"பசுமையா இருக்கணும்னு சொன்னேன்."

"பசுமையா இருக்க அது என்னத்தக் குடிக்கும் தம்பி?"

மனிதவளத்து அம்மாள் பிஸ்கட் துகள் தொண்டையில் சிக்கி இருமினாள்.

தலைவர் கையை உயர்த்தினார். "குடும்ப விஷயங்கள இங்க பேச வேண்டாமே."

"'அது தொடைக்கிறதுக்கு, இது செடிக்கு'ன்னு போன்ல சொன்னாரு சார். அது குடும்ப விஷயமா, கம்பெனி விஷயமா?"

தலைவர் சற்று யோசித்தார். பிறகு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "தகவல் பரிமாற்றத்தில்... ஒரு சிறு... இடைவெளி."

"அந்தச் சிறு இடைவெளியிலதான் சார் என் வீட்டுக்காரர் நின்னுக்கிட்டிருந்தாரு."

ஏசி மட்டும் ஒத்துக்கொள்கிற மாதிரி முனகியது.

தலைவர் தலைக்கவசத்தை ஒரு விரலால் நகர்த்திவைத்துவிட்டு, குரலில் தேன் தடவிக்கொண்டார். "அம்மா, நாங்க யாரையும் தண்டிக்க உக்காரல. நாளைக்குக் காலைல குழு ஆஸ்பத்திரிக்கு வரும். உங்க கணவர் வாக்குமூலம் கொடுப்பார். பழைய பழக்கத்துல தொட்டியை அவரே கேட்டு வாங்கினதா சொன்னார்னா, கோப்பு மூடிடும். இல்லைன்னு வைங்க... அப்ப தொட்டியக் கொண்டுபோனது யாருங்கற கேள்வி வரும். அதுக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க. ஆளுக்குக் காயம் பட்ட விஷயம். போலீஸ் வரைக்கும் போக வேண்டியிருக்கும்."

"ஒண்ணு அவர் தப்பு. இல்லேன்னா என் தப்பு."

"அப்படிச் சொல்லாதீங்க. பழக்கப் பிழைன்னா யாரோட தப்பும் இல்ல."

"அப்ப அவருக்கு அந்த வேலை இருக்குமா சார்?"

தலைவர் மனிதவளத்தைப் பார்த்தார். மனிதவளம் பிஸ்கட்டைப் பார்த்தது.

"பழக்கத்த மாத்திக்க முடியாதவங்கள உலைப் பக்கம் விடறது பாதுகாப்பு இல்லையே அம்மா" என்றாள் அந்த அம்மாள், ரொம்ப மென்மையாக. "நல்லபடியா அனுப்பி வெப்போம்."

அவள் எழுந்தாள். வாசலில் கொழுந்தன் பின்னாலேயே வந்தான்.

"அண்ணி, இருங்க. அறிக்கைய அடிச்சுக் குடுத்துட்டு நானும் ஆஸ்பத்திரிக்கு வரேன். கார்லயே போகலாம். அண்ணன்கிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன்."

"உங்க பக்குவத்துல ஒரு தடவ வெந்தது போதும்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

*

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் எதையும் பார்க்கவில்லை.

கொழுந்தன் சொன்னது ஒன்று உண்மை. யார் வைத்தது என்று புருஷனுக்குத் தெரியாது. முதல் இரண்டு நாள் அவருக்கு நினைவே சரியாக இல்லை. அப்புறம் வலி. அப்புறம் இவளுக்குத் தைரியம் இல்லை. கஞ்சி ஊட்டும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள். அவர் வாயைத் திறப்பார். கரண்டி உள்ளே போகும். வார்த்தையும் கூடவே உள்ளே போய்விடும்.

கொழுந்தனுக்கும் குழுவுக்கும் தெரியாத இன்னொன்று இருந்தது. அதை அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கவும் பயந்தாள்.

தொட்டியை அந்தத் தூண் பக்கம் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. குழாய் இருந்தது கூடத்து வாசலில். தொட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, பூவாளியில் மொண்டு மொண்டு கொண்டுபோய்த் தெளித்திருக்கலாம். கூடத் தூக்கி வந்த பெண்ணும் அதைத்தான் சொன்னாள். இவள்தான், "இல்ல, அந்தத் தூணுக்குப் பின்னால வெச்சுடலாம், கேமராவுல தெரியாது" என்றாள்.

கேமராவுக்காக இல்லை. தூணுக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார்.

*

வார்டில் மூன்றாவது கட்டில். முகத்தில் நெற்றியிலிருந்து மூக்கு வரை கட்டு. இடது கை தோள் வரை கட்டு. வெளியே தெரிந்தது வாயும் வலது கையும்தான். இரண்டும் சும்மா இருக்கவில்லை. விரல்கள் போர்வை நூலை உருவிக்கொண்டிருந்தன.

"மறுபடி ஊசியா?" என்றார் சம்மட்டி.

"நான்தாங்க."

"நல்ல வேளை. அந்த நர்சம்மா கை இருக்கே, நம்ம பழைய சுத்தியல் தோத்துடும்." சிரிக்கப் பார்த்தார், கன்னத்துத் தோல் இழுத்தது, நிறுத்திக்கொண்டார். "டாக்டர் கட்டப் பிரிச்சுப் பாத்தாரு."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வலது கண்ணு கொஞ்ச நாள்ல வேலைக்குத் திரும்பிடுமாம். இடது வராதாம். ராஜினாமா."

அவள் சத்தமில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் கை அவள் பக்கம் துழாவி வந்து முழங்கையைப் பிடித்தது.

"அழாத. ஒரு கண்ணால பாத்தாலும் நீ பாதியாவா தெரியப்போற? முழுசாத்தான் தெரிவ, அதே முறைப்போட."

"சும்மா இருங்க."

"நாளைக்குப் பெரிய ஆளுங்கெல்லாம் வராங்களாமே. நர்சம்மா சொன்னாங்க, போர்வையெல்லாம் மாத்துவாங்களாம். நானும் என்ன சொல்றதுன்னு யோசிச்சு வெச்சிருக்கேன்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"நடந்ததத்தான். அன்னிக்கு உலை மேல கசடு இல்ல. ஆனா கேமராக்காரன் விடல. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கணும், இன்னொரு தடவ வாருங்க, இன்னொரு தடவ வாருங்கன்னான். என் முகம் தெரியலன்னு தலைக்கவசத்துக் கண்ணாடி மூடியையும் தூக்கிவிடச் சொன்னான். கரண்டி விடாம உள்ள போய்ப் போய் வந்து, பிடி வரைக்கும் சூடு ஏறிடுச்சு. கையில வெச்சிருக்க முடியல. திரும்பிப் பாத்தா இடது பக்கம் ஒரு தண்ணித் தொட்டி."

அவள் மறு கையால் போர்வையைச் சரிசெய்தாள்.

"இரும்புக் கூடத்துல எனக்கு எடது பக்கம்தான் தொட்டி இருக்கும். இடுக்கி சூடாயிடுச்சுன்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம், ஒரு முக்கு, சொய்ங்னு சத்தம், அடுத்த துண்டு. இங்க அப்படிச் செய்யக் கூடாது. சொல்லிக் குடுத்தாங்க. துளித் தண்ணி அலுமினியத்துக்குள்ள போனாலும் ஆவியாகி, மேல இருக்கிறத எல்லாம் தூக்கி அடிச்சுடும்னு படம் போட்டுக் காட்டினாங்க. எல்லாம் தலைக்குத் தெரியும். கைக்கு யாரும் படம் போட்டுக் காட்டலையே. அது பாட்டுக்குத் தொட்டியில ஒரு முக்கு முக்கிட்டு, ஈரக் கரண்டியோட உலைக்குள்ள போயிடுச்சு."

பக்கத்துக் கட்டில்காரர் புரண்டு படுத்தார். சம்மட்டி குரலைக் குறைத்தார்.

"இன்னொண்ணு இருக்கு. அவங்ககிட்ட அதச் சொல்ல மாட்டேன். நீ சிரிக்காத."

"சிரிக்கல."

"அந்தத் தொட்டியப் பாத்ததும் ஒரு நொடி சந்தோஷமா இருந்துச்சு. அந்தக் கூடத்துல என் பேரு கூட ஒருத்தனுக்கும் தெரியாது. என்னைப் பத்தித் தெரிஞ்ச யாரோ, எனக்குன்னு பாத்து வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன். பைத்தியக்காரத்தனம்."

அவளுக்கு இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

"நான்தாங்க வெச்சேன்."

அவள் முழங்கையைத் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"செடிக்குத் தண்ணி தெளிக்க. வாசல்லயே வெச்சிருக்கலாம். நான்தான் தூணுக்குப் பின்னால கொண்டுவந்து வெச்சேன். நீங்க புது எடத்துக்குப் போனதுலேருந்து, வேலை செய்யறத நான் பாத்ததே இல்ல. பாக்கணும் போல இருந்துச்சு. அதான் அங்க வெச்சேன். அவ்வளவு கிட்ட வெச்சேன்."

கட்டுக்குள் இருந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. சலைன் சொட்டுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சொட்டு, சொட்டு. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இறுக்கவும் இல்லை. கனமாக அப்படியே கிடந்தது.

"பாத்தியா?" என்றார் கடைசியில்.

"என்னது?"

"பாக்கத்தானே வந்த. பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்தேன்?"

"அந்த வெள்ளி உடுப்புல யாரோ மாதிரி இருந்தீங்க. கண்ணாடி மூடியத் தூக்கினப்பதான் நீங்கன்னே தெரிஞ்சுது. மூடுங்கன்னு கத்தலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள பெரியவர் வந்துட்டாரு, எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன்."

"நீயுமா?"

"நானும்தான்."

அவர் நீளமாக மூச்சு விட்டார். அது பெருமூச்சா, சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் அவள் கவனித்தாள். கட்டிலின் கால்மாட்டில் கொழுந்தன் நின்றுகொண்டிருந்தான். கையில் ஆப்பிள் பை. எப்போது வந்தான், எதுவரை கேட்டான், தெரியவில்லை. செருப்புச் சத்தம் கேட்காமல் வந்திருந்தான். அவன் வாழ்க்கையில் சத்தமில்லாமல் ஓர் இடத்துக்கு வந்தது இதுவே முதல் தடவையாக இருக்கும்.

"சரி, நீ வெச்ச" என்றார் சம்மட்டி. குரல் மாறியிருந்தது, இரும்புக் கூடத்துக் குரல். "நீ சும்மா போய் வெக்கிற ஆளு இல்ல. வீட்டுல தண்ணிச் சொம்பையே எடம் மாத்தி வெச்சா கேள்வி கேக்கறவ நீ. உலைக்குப் பக்கத்துல செடி வெக்கணும், அதுக்குத் தண்ணி வெக்கணும்னு உனக்குச் சொன்ன அறிவாளி யாரு?"

கொழுந்தன் ஆப்பிள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினான். வாய் திறக்காமல், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். வேண்டாம் அண்ணி. இப்ப வேண்டாம்.

இதே கைகள் காலையில் டையை இறுக்கிக்கொண்டிருந்தன. விசாரணையில் கண்ணாடி மேஜை மேல் கோத்திருந்தன. நாளைக்கும் மேஜைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும். அவள் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். தம்பி போட்ட இடம் என்ற பெருமையாவது அந்த மனுஷனுக்கு மிஞ்சும். இடது கண்ணுக்குப் பதிலாக அதையாவது வைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு கணம் தோன்றியது.

ஆனால் அந்தப் பெருமையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் நாளைக்கு வாக்குமூலம் சொல்லப் போகிறார். தம்பி கேட்டால், தொட்டியை நான்தான் கேட்டேன் என்று ஒரே பேச்சில் சொல்லிவிடுவார். யாருக்காகச் சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்வார்.

"கேக்கறேன்ல?"

"உங்க தம்பி" என்றாள். "உங்க கால்மாட்டுலதான் நிக்கிறாரு."

வார்டில் எங்கோ ஒரு தட்டு கீழே விழுந்து உருண்டது.

கட்டுப் போட்ட முகம் தலையணையில் மெல்லத் திரும்பியது. கொழுந்தன் நின்ற இடத்துக்குச் சரியாகத் திரும்பவில்லை. ஒரு முழம் தள்ளி, வெறும் சுவருக்கு நேராக நின்றது.

"டேய்" என்றார் சுவரிடம். சத்தம் போடவில்லை. "நாளைக்கு அவங்க வந்து கேட்டா நான் என்ன சொல்லணும்? நீ சொல்லிக் குடு. அப்படியே சொல்றேன்."

கொழுந்தனின் கூப்பிய கைகள் தாமாக இறங்கின.

அண்ணன் முகத்துக்கு நேரே வர அவன் ஒரு முழம்தான் நகர வேண்டும்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.